வெளிநாட்டுக்கு ஆடப் போனா தோத்துட்டான்னு அர்த்தமா? (வாசகர் கேள்வி பதில்)

போன வாரம் ஒரு தம்பிக்கு பதில் எழுதும்போது ஸ்டெஃபான் மார்பரின்னு ஒரு அமெரிக்க பாஸ்கெட்பால் ப்ளேயர் பேரை ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன், சைனாவுல அவருக்கு சிலையே வெச்சிருக்காங்கன்னு. அவ்ளோதான், அதுக்கு மட்டும் ஒரு கட்டு கேள்வி வந்திருக்கு. அதனால இந்த வாரம் மத்ததெல்லாம் ஓரமா இருக்கட்டும், முழுக்க பாஸ்கெட்பால்தான். பெரம்பூர் பக்கம் சிமென்ட் கோர்ட்ல இருபது வருஷம் ஆடுனவன் நான், இப்போ அதே கோர்ட்ல சாயங்காலம் பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன், எனக்கு இதைவிட சந்தோஷமான வாரம் கெடையாது.

அண்ணா, மார்பரி என்பிஏல (அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்) ஆல் ஸ்டார் ஆடுனவராமே, அப்புறம் ஏன் சைனா போனாரு? "அங்க ஊத்திக்கிச்சு, அதான் கெளம்பிட்டாரு"ன்னு என் ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நெஜமா?
காலேஜ் மாணவர், வியாசர்பாடி

தம்பி, உங்க ஃப்ரெண்ட்ஸ் மேல எனக்கு கோவம் இல்ல, ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். மொதல்ல அவர் பொறந்த எடத்தைப் பாருங்க. நியூயார்க்ல ப்ரூக்ளின், அதுல கடைசியில கோனி ஐலண்ட், ஒரு பக்கம் கடல், இந்தப் பக்கம் வரிசையா கவர்மெண்ட் கட்டிக் குடுத்த அடுக்குமாடி வீடுங்க, நம்ம காசிமேடு ஹவுசிங் போர்டுல நின்னு பார்த்தா எப்படி இருக்குமோ அப்படி ஒரு ஊரு. வீட்ல ஏழு பசங்க, இவரு ஆறாவது. அண்ணனுங்களும் நல்லா ஆடுனவங்கதான், ஆனா என்பிஏ வரைக்கும் யாரும் போகல, அந்தக் குடும்பத்து ஆசை மொத்தமும் இவர் தலைமேல வந்து உக்காந்துச்சு. என்பிஏ டீமுங்க புதுப் பசங்களை வரிசையா எடுக்கறதுக்கு டிராஃப்ட்னு பேரு, 1996 டிராஃப்ட்ல 4வது ஆளா எடுத்தாங்க, அப்போ வயசு 19. லீக்லயே சிறந்த ஆளுங்க மட்டும் ஆடற ஆல் ஸ்டார் மேட்ச்ல ரெண்டு தடவை ஆடுனாரு, 2001லயும் 2003லயும். 2004ல சொந்த ஊரு டீம் நியூயார்க் நிக்ஸுக்கே வந்துட்டாரு.

அங்கதான் எல்லாம் தலைகீழாச்சு. டீம் தோத்துக்கிட்டே இருக்கு, கோச்சோட சண்டை, பேப்பர்காரங்க கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. 2007 டிசம்பர்ல நிக்ஸ் மேட்ச் பார்க்க வந்த அப்பாவுக்கு மேட்ச் நடக்கும்போதே நெஞ்சுவலி வந்து, மகன் ஆடி முடிக்கறதுக்குள்ள போயிட்டாரு. அடுத்த சீசன் டீம்ல பேரு இருக்கு, சம்பளம் வருது, ஆனா கோர்ட்ல எறக்கவே மாட்டேன்றாங்க. சம்பளம்னா சும்மா இல்ல, 2 கோடி டாலர் பக்கம். அவ்ளோ பணம் வந்தும் ஆட விடலன்னா ஒரு ஆட்டக்காரனுக்கு உள்ள என்ன ஆகும்னு பெஞ்ச்ல உக்காந்தவனுக்குத்தான் தெரியும். சாகணும்னு தோணுன நாளெல்லாம் இருந்துச்சுன்னு அவரே அப்புறம் பேட்டியில சொல்லியிருக்காரு.

2010 ஜனவரியில சைனாவுல தாய்யுவான்ற ஊருக்குப் போய் எறங்குனாரு. ஷான்ஷி மாகாணம், நிலக்கரி வெட்டுற ஊரு, குளிர்காலம், பாஷை ஒரு எழுத்து தெரியாது. அந்த டீம் ஒரு சீசன்ல கைவிட்டுச்சு. அடுத்து ஃபோஷான், அங்கயும் ஒரே வருஷம். 2011ல பெய்ஜிங் டக்ஸ் கூப்டாங்க, அந்த டீம் அதுவரைக்கும் லீக் கப்பே ஜெயிச்சதில்ல. எதிர்ல குவாங்டாங், அதுக்கு முந்தின எட்டு வருஷத்துல ஏழு தடவை கப் அடிச்ச டீம். 2012 மார்ச்ல அவங்களை 4-1ன்னு சாய்ச்சாங்க, கடைசி மேட்ச்ல மார்பரி மட்டும் 41 பாயிண்ட். பின்னாடி 2014, 2015லயும் கப். சிலை வெச்சாங்க, அவர் பேர்ல மியூசியம் வெச்சாங்க, சைனாக்காரங்க சாமானியத்துல யாருக்கும் குடுக்காத நிரந்தரமா தங்குற கார்டும் குடுத்தாங்க. ரசிகருங்க அவரைக் கூப்புடறது "மா கமிசார்"னு, அந்த ஊரு பட்டாளத்துல வீரருங்களுக்கு மனதைரியம் குடுக்கறதுக்குன்னே இருக்கற அதிகாரிக்கு அந்தப் பேரு. பெய்ஜிங் மெட்ரோ ட்ரெயின்ல ஜனங்களோட ஜனமா போவாரு. 2018 பிப்ரவரியில 41 வயசைத் தொடப்போற நேரத்துல ஆட்டத்தை நிறுத்திட்டு, அடுத்த வருஷமே பெய்ஜிங்லயே இன்னொரு டீமுக்கு கோச் ஆயிட்டாரு.

இப்போ சொல்லுங்க, இதுக்குப் பேரு ஊத்திக்கிச்சா? அவரை வேணாம்னு ஒரு ஊரு சொல்லுச்சு, வேணும்னு இன்னொரு ஊரு சொல்லுச்சு, அவர் வேணும்னு சொன்ன ஊருக்குப் போனாரு. துறைமுகத்துப் பக்கத்துல பொறந்த நமக்கு இது புரியாதா தம்பி? நம்ம தெருவுல கப்பலுக்குப் போனவன், கல்ஃபுக்குப் போனவன் எத்தனை பேரு, அவன் இங்க தோத்துட்டான்னா நாம சொல்றோம்? இன்னொரு கணக்கும் இருக்கு. என்பிஏல 30 டீம், டீமுக்கு 15 பேரு, அப்பால டூ-வே காண்ட்ராக்ட்னு, என்பிஏலயும் அதோட சின்ன லீக்லயும் மாறி மாறி ஆடறவங்க டீமுக்கு இன்னும் 3 பேரு. மொத்தமே 540 எடம், அதுக்கு உலகம் பூரா போட்டி. அமெரிக்காவுல காலேஜ் முடிச்சு நல்லா ஆடற மத்த பசங்க எங்க போவாங்க? ஸ்பெயின், துருக்கி, இத்தாலி, இஸ்ரேல், சைனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ்னு போய் ஆடி பொழைக்கறாங்க. அது அவங்க வேலை.

17 வருஷம் கல்ஃப்ல இருந்துட்டு வந்தவன் சார் நான். இந்த மாதிரி வெளிநாடு போற ப்ளேயருங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வருதா? ஏஜென்ட், பாஸ்போர்ட் பிரச்சனையெல்லாம் அவங்களுக்கும் உண்டா?
வாசகர், ராயபுரம்

இத்தனை கேள்வியில என் மனசைத் தொட்ட கேள்வி இதுதாங்க. எங்க அண்ணன் தொண்ணூறுகள்ல கல்ஃப் போனாரு. சூப்பர்வைசர் வேலைன்னு ஏஜென்ட் சொல்லி அனுப்புனான், போனப்புறம் மூட்டை தூக்குற வேலை. பாஸ்போர்ட் கம்பெனி பீரோல, அஞ்சு மாசம் சம்பளம் வரல. அப்போ அவர் எழுதுன லெட்டர் ஒண்ணு இன்னும் எங்க அம்மா டிரங்க் பொட்டியில இருக்கு, நீல கலர் ஏரோகிராம், அதுல முழுப் பக்கமும் "நல்லா இருக்கேன்"னுதான் எழுதியிருப்பாரு, கடைசி மூலையில சின்ன எழுத்துல "தம்பிகிட்ட மட்டும் சொல்லு, பணம் இன்னும் வரல"ன்னு. அந்த தம்பி நான்தான்.

அதனால இந்த ஆட்டக்காரங்க காண்ட்ராக்ட் எப்படி இருக்கும்னு நான் தேடித்தேடி படிச்சிருக்கேன். பொதுவா பத்து மாசம், ஒரு சீசன். கிளப்பே ஃப்ளாட் குடுக்கும், பல ஊர்ல காரும் குடுக்கும், போக வர டிக்கெட்டு, டாக்ஸையும் கிளப்பே கட்டிடும், அதனால பேசுன தொகை அப்படியே கைக்கு வரணும். ஏஜென்ட் கமிஷனைக்கூட கிளப் குடுக்கறதுதான் வழக்கம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போய் எறங்குனதும் மெடிக்கல், அதுல ஃபெயில்னா அடுத்த ஃப்ளைட்டு. முட்டி பிசகுனாலோ, நாலு மேட்ச் சரியா ஆடலைன்னாலோ, அந்த எடத்துக்கு இன்னொரு அமெரிக்கன் ஏற்கெனவே ஏர்போர்ட்ல நிப்பான். இம்போர்ட்டுன்னுதான் கூப்புடுவாங்க, ஏதோ துறைமுகத்துல வந்து எறங்குன சரக்கு மாதிரி. உள்ளூர் ப்ளேயர் 8 பாயிண்ட் போட்டா கைதட்டுவாங்க, இம்போர்ட் 25 போட்டாலும் டீம் தோத்தா மொதல்ல கை காட்டறது அவனைத்தான்.

சம்பளம் லேட் ஆகறதும் நடக்குது, நெறையவே நடக்குது. ஆனா அவங்களுக்கு ஒரு வழி இருக்கு, எங்க அண்ணனுக்கு இல்லாத வழி. உலக பாஸ்கெட்பால் அமைப்பு ஃபீபா 2007ல ஜெனீவாவுல ஒரு நடுவர் மன்றம் ஆரம்பிச்சுச்சு, இப்போ அதுக்கு பேட்னு பேரு. காண்ட்ராக்ட்ல "தகராறு வந்தா அங்கதான் போவோம்"னு ஒரு வரி இருந்தா போதும். எந்த நாட்டு கோர்ட்டுக்கும் அலைய வேணாம், எல்லாம் பேப்பர்லயே நடக்கும், ஒரே ஒரு நடுவர், எந்த ஊரு சட்டப் புத்தகத்தையும் பார்க்காம எது நியாயமோ அதை வெச்சு தீர்ப்பு சொல்வாரு. கிளப் பணம் கட்டலைன்னா புது ப்ளேயரை பதிவு பண்ண முடியாம ஃபீபா தடை போட முடியும். அந்த பயத்துலயே பல கிளப் பணத்தை எடுத்து வெச்சிடும்.

நீங்க கல்ஃப்ல என்ஓசி வாங்கியிருப்பீங்க இல்ல, அதே மாதிரி இங்கயும் லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்னு ஒண்ணு உண்டு. ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு ஆடப் போகணும்னா அது இல்லாம நகர முடியாது. 2011ல என்பிஏ ஓனருங்க லாக்-அவுட் பண்ணி லீக்கே நின்னப்போ ஜே.ஆர். ஸ்மித், கென்யான் மார்ட்டின், வில்சன் சாண்ட்லர் மாதிரி ஆளுங்க சைனா போனாங்க, ஆனா சைனா லீக் தெளிவா சொல்லிடுச்சு, நடுவுல என்பிஏ ஆரம்பிச்சாலும் இங்க சீசன் முடியாம போகக்கூடாதுன்னு. கையெழுத்து போட்ட அப்புறம் கோடீஸ்வரனும் கூலிக்காரனும் ஒண்ணுதாங்க.

என் பொண்ணு பத்தாவது படிக்குது, ஸ்கூல் டீம்ல ஆடுது. பொண்ணுங்களும் இப்படி வெளிநாடு போய் ஆடறாங்களா? பயமா இருக்காதா?
ஒரு அம்மா, தண்டையார்பேட்டை

போறாங்கம்மா, சொல்லப்போனா ரொம்ப வருஷமா ஆம்பளைங்களைவிட அவங்களுக்குத்தான் போக வேண்டிய கட்டாயம் அதிகமா இருந்துச்சு. அமெரிக்காவுல பொம்பளைங்க லீக் டபிள்யூஎன்பிஏ வெய்யில் காலத்துல நடக்குது, அப்போ சம்பளம் கம்மி, அதனால குளிர்காலம் வந்தா ரஷ்யா, துருக்கி, சைனான்னு கெளம்பிட்டு இருந்தாங்க. வருஷம் பூரா ரெஸ்ட் இல்லாத ஆட்டம். 2015ல டயானா டவுராசின்ற அமெரிக்க ஸ்டாருக்கு ரஷ்யாவோட எகாடெரின்பர்க் கிளப் என்ன பண்ணுச்சு தெரியுமா, "நீ அமெரிக்காவுல இந்த சீசன் ஆடாம ரெஸ்ட் எடு, அந்த சம்பளத்தையும் சேத்து நாங்களே குடுக்கறோம்"னு சொல்லுச்சு, அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. அந்த ரஷ்ய சம்பளம் சுமார் 15 லட்சம் டாலர்னு அப்போ செய்தி வந்துச்சு, அமெரிக்க லீக்ல அப்போ ஒரு ஆளுக்கு அதிகபட்சமே 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர் பக்கம்தான்.

பயம் பத்தி கேட்டீங்க, மறைக்காம சொல்றேன். அதே கிளப்புக்கு ஆடிட்டிருந்த பிரிட்னி கிரைனர்ன்ற இன்னொரு அமெரிக்க ப்ளேயரை 2022 பிப்ரவரியில மாஸ்கோ ஏர்போர்ட்ல புடிச்சாங்க, பையில கஞ்சா எண்ணெய் இருந்த வேப் கார்ட்ரிட்ஜ் இருந்துச்சுன்னு. ஆகஸ்ட்ல 9 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு. உக்ரைன் போர் நடந்துட்டிருந்த நேரம் வேற. டிசம்பர் 8ஆம் தேதி விக்டர் பூட்னு ஒரு ஆயுத வியாபாரியை அமெரிக்கா விட்டு, அதுக்கு மாத்தா இவங்களை வாங்குச்சு. ஏர்போர்ட்ல பையைத் தொறக்கும்போது அந்த ஊரு சட்டம்தாம்மா பேசும், நம்ம ஊரு பேரு எதுவும் பேசாது.

உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்றதுக்கு முன்னாடி அனிதா பால்துரை பத்தி சொல்லுங்க. நம்ம சென்னைப் பொண்ணு, ரயில்வேல வேலை பார்த்துக்கிட்டே ஆடி இந்தியா டீமுக்கு கேப்டனா இருந்தவங்க, 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

பாஸ்போர்ட் மாத்திக்கிட்டு வேற நாட்டுக்கே ஆடறாங்களாமே, இது தப்பில்லையா? நம்ம நாட்டுக்கும் அப்படி ஆள் எடுக்கலாமே?
வாசகர், கொளத்தூர்

தப்புன்னு நான் நெனைக்கல. ஃபீபா ரூல்படி ஒரு நாட்டு டீம்ல அப்படி வந்த ஆளு ஒருத்தர்தான் இருக்கலாம். நியூ ஆர்லியன்ஸ்ல பொறந்த போ மெக்கேலப் மாசிடோனியாவுக்கு ஆடுனாரு, 20 லட்சம் பேரு இருக்கற குட்டி நாடு, 2011 ஐரோப்பா கோப்பையில லிதுவேனியாவை அவங்க ஊர்லயே தோக்கடிச்சு 4வது எடத்துக்கு வந்துச்சு. நம்ம ஆசியாவுலயே பாருங்க, ஜஸ்டின் பிரவுன்லீன்னு அமெரிக்காவுல ஜார்ஜியா மாகாணத்துக்காரர், 2016ல இருந்து பிலிப்பைன்ஸ் லீக்ல இம்போர்ட்டா ஆடி அந்த ஜனங்க மனசுலயே குடியேறிட்டாரு, 2023ல பார்லிமெண்ட்ல தனிச் சட்டம் போட்டு குடியுரிமை குடுத்தாங்க. அதே வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டு செமிஃபைனல்ல சைனாவை சைனாவுலயே கடைசி நிமிஷத்துல சாய்ச்சது இவர் போட்ட த்ரீ பாயிண்ட்டுங்கதான். 1962க்கு அப்புறம் பிலிப்பைன்ஸுக்கு தங்கம். நம்ம நாட்டுல ரெட்டைக் குடியுரிமை கெடையாது, இந்திய பாஸ்போர்ட் இருந்தாத்தான் இந்தியாவுக்கு ஆட முடியும், அதனால இங்க அது சுலபமில்ல.

அண்ணா, சென்டர் பொசிஷன்ல (கூடைக்குப் பக்கத்துல நின்னு ஆடற எடம்) ஆட எனக்கு ஆசை. ஹைட் பத்தலன்னு செலக்‌ஷன்ல தள்ளிட்டாங்க. விட்டுடவா?
ஸ்கூல் மாணவன், கொருக்குப்பேட்டை

விடாத கண்ணு. கைல் ஹைன்ஸ்னு ஒருத்தர், ஆறடி ஆறு அங்குலம். நமக்கு அது பனைமரம் மாதிரி தெரியும், ஆனா அந்த லெவல்ல சென்டர்னா ஏழடி ஆளுங்க, அவங்க நடுவுல இவரு குள்ளம். 2008ல காலேஜ் முடிச்சப்போ என்பிஏல ஒரு டீமும் எடுக்கல. இத்தாலியில ரெண்டாவது டிவிஷன் டீம்ல போய் சேர்ந்தாரு, அங்கேர்ந்து ஜெர்மனி, அப்புறம் கிரீஸ்ல ஒலிம்பியாகோஸ், ரஷ்யாவுல சிஎஸ்கேஏ. ஐரோப்பாவுலயே பெரிய கப்பு யூரோலீக், அதை நாலு தடவை ஜெயிச்சாரு, 2012, 2013, 2016, 2019. ஏழடிக்காரன் முன்னாடி இவர் எப்படி நின்னாருன்னு வீடியோல காலை மட்டும் பாரு, பந்து எங்க இருக்குன்னே பார்க்காத. பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு அடி எடுத்து வெச்சு அந்த எடத்தைப் புடிச்சிருப்பாரு, முட்டி மடங்கி, இடுப்பு கீழ எறங்கி, அப்புறம் எதிராளி எவ்ளோ ஒசரமா இருந்தாலும் பின்னாடிதான் நிக்கணும்.

இங்கேர்ந்தும் ஆளுங்க போயிருக்காங்க. அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங் ரெண்டு பேரும் ஜப்பான்ல ஆடுனாங்க, அம்ரித்பால் 2017ல ஆஸ்திரேலியாவுல சிட்னி கிங்ஸுக்கும் போனாரு. 2014ல நம்ம இந்தியா டீம் ஆசியா கப்ல சைனாவையே அவங்க ஊர்ல வெச்சு 65-58ன்னு ஜெயிச்சப்போ கோச்சா இருந்தது ஸ்காட் ஃப்ளெமிங்ன்ற அமெரிக்கர். நம்ம ஏரியாவுல ஆடறவன் எல்லாரும் ஐசிஎஃப், ரயில்வே, பேங்க்னு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை கெடைச்சா போதும்னு ஆடறான், அந்த வேலை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும், அதை நான் கொறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா வேலை கெடைச்ச அன்னிக்கே ஆட்டத்தை மூட்டை கட்டிடறான் பாரு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

இவங்கள்ல உங்களுக்கு ரொம்பப் புடிச்சவர் யாரு?
வாசகி, திருவொற்றியூர்

அல்ஃபான்ஸோ ஃபோர்ட். மிஸிஸிப்பிக்காரர், என்பிஏல சில மேட்ச்தான் ஆடுனாரு. 1997ல ரத்தப் புத்துநோய்னு தெரிஞ்சுது. அதை ஊருக்குச் சொல்லாம கிரீஸ், இத்தாலின்னு ஏழு வருஷம் ஆடுனாருங்க. யூரோலீக்ல ஒரு சீசன் பூரா சராசரி 26 பாயிண்ட் போட்டாரு, அப்போ அவர் ஒடம்புல என்ன ஓடிட்டிருந்துச்சுன்னு கேலரியில கத்திட்டிருந்தவங்களுக்குத் தெரியாது. 2004ல முடியவே முடியாதுன்னு ஆனப்புறம்தான் ஆட்டத்தை விட்டாரு, செப்டம்பர்ல போயிட்டாரு, வயசு 32. இன்னிக்கு யூரோலீக்ல அதிக பாயிண்ட் போடறவருக்கு குடுக்கற கோப்பை அவர் பேர்லதான் இருக்கு.

மார்பரி ஷூ விட்டாராமே, இப்போ கெடைக்குமா?
வாசகர், பெரம்பூர்

2006ல ஸ்டார்பரின்னு விட்டாரு, 14 டாலர் 98 சென்ட். மத்த ஸ்டார் ப்ளேயருங்க ஷூ நூறு டாலருக்கு மேல விக்கிற காலம், ஏழைப் பசங்களும் போடட்டும்னு விட்டாரு, அதையே தானும் போட்டுக்கிட்டு என்பிஏ மேட்ச் ஆடுனாரு. அதை வித்த கடை 2008ல திவாலாயிடுச்சு. இங்க அது வந்ததாவே எனக்கு ஞாபகம் இல்ல. எங்க கோர்ட்ல இப்பவும் ரெண்டு அண்ணன் தம்பிக்கு ஒரே ஜோடிதான், பர்மா பஜார்ல வாங்குனது. தம்பிக்கு லூசா இருக்கும், முன்னாடி துணி சுருட்டி வெச்சுக்குவான். ரெண்டாவது குவார்ட்டர் முடிஞ்சதும் அண்ணன் கழட்டிக் குடுப்பான், இவன் குந்திக்கிட்டு லேஸை ரெண்டு சுத்து சுத்தி இறுக்கக் கட்டிட்டு உள்ள ஓடுவான்.